ஜான் ஸ்லோன், ‘பெண்கள் பக்கம்’ (1905): அந்த அறைக்குள் என்ன நடக்கிறது?

தாழ்வாரம் (இழையைத் தொடங்கியவர்) | சனி, இரவு 9.40

ஒரே ஒரு படத்தைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. அமெரிக்க ஓவியர் ஜான் ஸ்லோன் 1905ல் செய்த ‘பெண்கள் பக்கம்’ என்ற எட்சிங், அதாவது செப்புத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து அச்சடிக்கும் படம். ஐந்து அங்குலத்துக்கு ஏழு அங்குலம், அவ்வளவுதான். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கலாம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நியூயார்க்கில் ஏதோ ஒரு வாடகைக் குடியிருப்பின் அறை. ஒரு பெண் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறாள். உடம்பில் சிம்மீஸ் மட்டும்தான். கட்டிலில் படுக்கை கலைந்து கிடக்கிறது, அதன்மேல் குழந்தை பூனையோடு விளையாடிக்கொண்டிருக்கிறது. துணி துவைக்கும் தொட்டியும் அதே அறைக்குள்தான். வீடு போட்டது போட்டபடி இருக்கிறது. அவள் எதையும் கண்டுகொள்ளாமல் படிக்கிறாள்.

ஸ்லோன் 1871ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். குடும்பம் நொடித்துப்போனதால் பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு, பிலடெல்பியாவில் ஒரு புத்தகக் கடையில் உதவிக் காசாளராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஹாமர்டன் எழுதிய எட்சிங் கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு, ஆசிரியர் யாரும் இல்லாமல் தானாகவே இந்த வேலையைக் கற்றார். அப்புறம் பத்திரிகைகளுக்குப் படம் போடும் வேலை. 1904ல் மனைவி டாலியோடு நியூயார்க் வந்து, மேற்கு 23ஆம் தெரு 165ஆம் எண் கட்டடத்தின் மேல்மாடியில் குடியேறினார். பின்பக்கச் சன்னலைத் திறந்தால் எதிரே மற்ற வீடுகளின் பின்பக்கம். 1905, 1906 ஆண்டுகளில் ‘நியூயார்க் நகர வாழ்க்கை’ என்ற வரிசையில் பத்து எட்சிங் செய்தார். அதில் ஒன்று இது.

இருபது வருடமாக இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலில் ஒரு பழைய புத்தகத்தில் மங்கலாக அச்சான பிரதியாக, இப்போது கணினித் திரையில் பெரிதாக்கி. ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: வீட்டு வேலைக்கு நடுவே ஒரு பெண் தனக்கென்று எடுத்துக்கொண்ட கொஞ்ச நேரத்தை, அதை நியாயப்படுத்தாமலும் குறை சொல்லாமலும் வரைந்த படம் இது. குடும்பப் படம் என்றால் அம்மா குழந்தையைப் பார்க்க வேண்டும், குழந்தை அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இங்கே அவள் தாளைப் பார்க்கிறாள், குழந்தை பூனையைப் பார்க்கிறது. இரண்டு பேரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

மழைக்காலம் | சனி, இரவு 11.15

தாழ்வாரம் அண்ணா, படத்தை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். கோடு அழகு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் விளக்கத்தோடு ஒத்துப்போக முடியவில்லை.

தலைப்பைப் பாருங்கள். ‘பெண்கள் பக்கம்’. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் அந்தப் பக்கத்தில் என்ன வரும்? புது மோஸ்தர் உடுப்பு, வீட்டை அழகாக வைத்துக்கொள்வது எப்படி, விருந்துக்கு என்ன சமைப்பது. அதைப் படிக்கிறவள் சிம்மீஸோடு, குப்பையாகக் கிடக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறாள். இது கிண்டல் இல்லையா? “பாருங்கள், இவள் வீட்டைப் போட்டுவிட்டு இதைப் படிக்கிறாள்” என்று ஒரு ஆண் காட்டிக்கொடுப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று. அவள் சன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருந்து அவர் பார்த்திருக்கிறார் என்றுதான் நீங்கள் எழுதியதில் இருந்து தெரிகிறது. அவளுக்குத் தெரியாது. உள்ளாடையோடு தன் வீட்டில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்த்து வரைந்து, நூறு பிரதி அச்சடித்து விற்பது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

---

கரிக்கோல் | ஞாயிறு, காலை 7.20

மழைக்காலம், உங்கள் இரண்டு கேள்வியும் நியாயமானவை. முதல் கேள்விக்கு மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிண்டல் என்ற வாசிப்பு பலருக்கும் முதலில் தோன்றுவதுதான். எனக்கும் தோன்றியது. ஆனால் ஒரு விஷயம் தெரிந்த பிறகு மாறிவிட்டது. இந்தப் படத்தைச் செய்யும்போது ஸ்லோன் எதை வைத்துச் சோறு சாப்பிட்டார் தெரியுமா? ‘பிலடெல்பியா பிரஸ்’ என்ற நாளிதழின் ஞாயிறு இணைப்புக்கு வாராவாரம் படப் புதிர் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நியூயார்க் வந்த பிறகும் அதை விடவில்லை, 1910 வரை நடந்தது. ஓவியம் விற்காத காலம் அது. முதல் ஓவியம் விற்கவே 1913 ஆனது, வாங்கியவர் அவரோடு பள்ளியில் படித்த ஆல்பர்ட் பார்ன்ஸ்.

அதாவது, வேலைக்கு நடுவில் கொஞ்ச நேரம் கிடைத்தால் ஞாயிறு இணைப்பைக் கையில் எடுக்கும் மனிதர்களால்தான் ஸ்லோன் வீட்டு வாடகை போனது. இவள் அவருடைய வாசகி. தன் வாசகி அந்தப் பக்கத்தை எப்படிப் படிக்கிறாள், எங்கே உட்கார்ந்து படிக்கிறாள் என்பதை அந்தச் சன்னல் வழியாக முதல் தடவை நேரில் பார்க்கிறார். பத்திரிகைக்கு வேலை செய்கிறவன் யாருக்கும் அது பெரிய விஷயம். நான் பதினெட்டு வருடம் ஒரு வார இதழில் பக்க வடிவமைப்பு செய்தேன். ஒருநாள் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி நான் அமைத்த பக்கத்தை மடித்துவைத்துப் படித்துக்கொண்டு வந்தார். இறங்கும் வரை என்னால் வேறு பக்கம் திரும்ப முடியவில்லை.

---

செம்புத்தகடு | ஞாயிறு, காலை 10.05

நான் பதிப்போவியம் செய்கிறவன். கருத்து சொல்வதற்கு முன்னால் இந்தப் படம் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் “ஒளிந்து பார்த்து வரைந்தார்” என்பதும் கொஞ்சம் வேறுமாதிரி தெரியும்.

செப்புத் தகட்டைப் பளபளவென்று மெருகேற்றி, அதன்மேல் மெழுகும் பிசினும் கலந்த கிரவுண்ட் என்ற பூச்சைச் சூடாக்கி மெல்லிசாகப் பூசவேண்டும். அதைப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவது வழக்கம். அப்புறம் ஊசியால் வரைவோம். ஊசி போன இடத்தில் மெழுகு விலகிச் செம்பு பளிச்சென்று தெரியும். கறுப்புமேல் செம்பு நிறக் கோடு, அதாவது காகிதத்தில் வரப்போவதற்கு நேர் எதிர். பிறகு தகட்டை அமிலத்தில் போட்டால் கோடு விழுந்த இடம் மட்டும் அரிக்கும். லேசாக வேண்டிய கோடு அரித்ததும் வெளியே எடுத்து அந்த இடத்தை வார்னிஷ் போட்டு மூடிவிட்டு, மறுபடியும் அமிலம். ஆழமாக வேண்டிய கோடு இன்னும் கொஞ்ச நேரம் ஊறும். இப்படி நாலைந்து தடவை.

அச்சடிப்பது இன்னொரு வேலை. மையைத் தகடு முழுக்கத் தேய்த்து, கஞ்சி போட்ட வலைத்துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் துடைப்போம். கை எவ்வளவு அழுத்துகிறதோ அதைப் பொறுத்து அறை இருட்டும் வெளிச்சமும் மாறும். காகிதத்தை முன்கூட்டியே நனைத்து ஈரம் ஒரே சீராக வந்த பிறகு, கம்பளி மூடி உருளைக்குள் ஓட்டினால்தான் கோட்டுக்குள் இருக்கும் மை மேலே வரும். நல்ல பிரதியில் விரலால் தடவினால் கோடு மேடாக இருப்பது தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தகட்டில் வரைந்தது காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும். அதனால் முழுப் படத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மனதுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் வரையவேண்டும்.

சன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இதையெல்லாம் செய்ய முடியாது. பார்த்தது ஐந்து நிமிடமாக இருக்கலாம். வேலை நாள்கணக்கு. அந்த ஐந்து நிமிடத்தை மனதில் வைத்துக்கொண்டு, கட்டில், தொட்டி, நாற்காலி, பூனை என்று ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டவேண்டும். இவ்வளவு சிரத்தையை ஒரு கிண்டலுக்காகச் செலவழிக்க என்னால் முடியாது. அவராலும் முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

---

மழைக்காலம் | ஞாயிறு, மதியம் 12.30

கரிக்கோல் ஐயா, புதிர் விஷயம் எனக்குத் தெரியாது. அதைப் படித்ததும் தலைப்பு வேறுமாதிரி கேட்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

செம்புத்தகடு, நீங்கள் சொன்ன வேலைமுறையைப் படிக்கவே ஆசையாக இருந்தது. ஆனால் சிரத்தை இருந்தால் அனுமதி வேண்டியதில்லையா? நாள்கணக்கில் கஷ்டப்பட்டு வரைந்தார் என்பதால் அவளைக் கேட்டார் என்று ஆகிவிடாது. என் இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறது.

---

அமுதா_ஜெர்சி | ஞாயிறு, இரவு 8.50

இங்கே எழுத நேரமாகிவிட்டது, மன்னிக்கவும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இந்த வரிசைப் படங்கள் இருக்கின்றன. காகிதப் படங்கள் வெளிச்சத்தில் மங்கும் என்பதால் சுவரில் நிரந்தரமாக மாட்டுவதில்லை. முன்கூட்டி எழுதிக் கேட்டால் படிப்பறையில் மேசைமேல் வைத்துக் காட்டுவார்கள். நான் ஒருமுறை அப்படிப் போய்ப் பார்த்தேன்.

திரையில் பார்ப்பதற்கும் அதற்கும் ரொம்ப வித்தியாசம். திரையில் அந்த அறை பெரிதாகத் தெரிகிறது, குப்பையும் பெரிதாகத் தெரிகிறது. மேசைமேல் அது ஒரு சின்னத் தாள். குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கவேண்டும். அப்படிக் குனிந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அவள்தான், அறை அப்புறம்தான் வந்தது. பக்கத்தில் வேறொருவர் வந்து நின்றால்கூட இடைஞ்சலாக இருக்கும். சத்தம்போட்டு ஊருக்குக் காட்டுகிற படம் இவ்வளவு சின்னதாக இருக்காது என்று அப்போது நினைத்தேன்.

அதே மேசையில் ‘கணவன், மனைவி, குழந்தை’ என்ற படத்தையும் வைத்தார்கள். அதுவும் 1905. ஒரு நெருக்கடியான அறைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் விளையாட்டாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள், குழந்தை வேடிக்கை பார்க்கிறது. எனக்கு அதுதான் இன்னும் பிடித்தது. கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீடு ஞாபகம் வந்துவிட்டது. இடமே இருக்காது, ஆனால் அந்தச் சிரிப்பு அங்கேதான் இருந்தது.

---

கரிக்கோல் | ஞாயிறு, இரவு 10.10

அமுதா அம்மா சொன்ன அந்தப் படத்துக்கு 1906ல் நடந்ததைச் சொல்லவேண்டும்.

அந்த ஆண்டு அமெரிக்க நீர்வண்ண ஓவியர் சங்கத்தின் கண்காட்சிக்குப் பத்துப் படங்களையும் கேட்டார்கள், ஸ்லோன் அனுப்பினார். ஆறை மாட்டினார்கள். நான்கு ஆபாசம், பொதுமக்கள் பார்க்கத் தக்கவை இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஸ்லோன் இதைத் தன் நாட்குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆண்டுதான் நாட்குறிப்பு எழுதவே தொடங்கியிருந்தார்.

இந்த வரிசையில் நிர்வாணப் படம் ஒன்றுகூட இல்லை. அதே காலத்தில் கிரேக்கத் தேவதை, நீராடும் பெண் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆடையில்லாத ஓவியங்கள் மரியாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அப்படியிருக்க, ‘விளக்கை அணைத்தல்’ என்ற படத்தில் என்ன இருக்கிறது? இரவு உடையோடு ஒரு பெண் கட்டிலில் மண்டியிட்டு காஸ் விளக்கை அணைக்கக் கை நீட்டுகிறாள், பின்னால் கணவன் படுத்திருக்கிறான், அவள் திரும்பி அவனைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அவர்களுக்குச் சங்கடம் கொடுத்தது உடம்பு இல்லை என்பது என் எண்ணம். வாடகைக் குடியிருப்பில் இருக்கும் சாதாரணக் கணவன் மனைவிக்கும் அந்தரங்கமான சந்தோஷம் உண்டு என்று ஒருவன் பெயர் போட்டுச் சொல்லிவிட்டான். அதுதான்.

அந்த ஊர் ஏழைக் குடியிருப்புகளை அதற்கு முன்பே ஜேக்கப் ரீஸ் புகைப்படம் எடுத்திருந்தார். இரவில் உள்ளே போய், பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கி எடுத்த படங்கள். திடுக்கிட்ட முகங்கள் அவை. அவற்றால் பெரிய நன்மை நடந்தது, 1901ல் குடியிருப்புச் சட்டம் வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் ரீஸின் படத்தில் இருப்பவர்கள் நமக்கு ஒரு பிரச்சினை, தீர்க்கவேண்டிய விஷயம். ஸ்லோனின் படத்தில் இருப்பவள் ஒரு ஆள். இத்தனைக்கும் ஸ்லோனும் அரசியல் இல்லாதவர் இல்லை. 1910ல் சோஷலிஸ்ட் கட்சி சார்பில் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில்கூட நின்றார். அந்த அரசியலை இந்தப் பெண்ணின் தலையில் ஏற்றவில்லை. அதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

---

ராப்பாடி | திங்கள், அதிகாலை 1.25

மழைக்காலம் கேட்டதை எல்லோரும் சுற்றிவளைத்துப் போகிறீர்கள். எட்டிப் பார்ப்பது பற்றி ஸ்லோனே யோசித்திருக்கிறார். அதைப் படத்திலேயே வைத்திருக்கிறார்.

பத்தில் கடைசியானது ‘கூரைகள், கோடை இரவு’, 1906. புழுக்கம் தாங்காமல் மொட்டைமாடியில் பாய்தலையணையோடு வந்து படுத்திருக்கும் குடும்பங்கள். எல்லோரும் தூங்குகிறார்கள். ஒருவன் மட்டும் விழித்திருக்கிறான். அவன் தன் மனைவிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் தூங்கும் வேறொரு பெண்ணைப் பார்க்கிறான். பார்ப்பவனைப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

1910ல் ‘இரவுச் சன்னல்கள்’ என்று இன்னொரு எட்சிங். வெளிச்சமான சன்னலில் ஒரு பெண், இருட்டில் மாடியில் உட்கார்ந்து அவளைப் பார்க்கும் ஒருவன், கீழே சன்னலில் துணி காயப்போடும் அவன் மனைவி. இதை வரைந்தவர் அப்பாவி இல்லை. தன் கண் என்ன செய்கிறது என்று தெரிந்தவர். அந்தக் குற்றவுணர்ச்சியை மறைக்காமல் போட்டுவிட்டார்.

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் ஸ்லோனை மிகவும் மதித்தவர். 1927ல் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார், அடுத்த ஆண்டு அதே ‘இரவுச் சன்னல்கள்’ என்ற பெயரில் ஓர் ஓவியம் வரைந்தார். ஹாப்பர் படத்தில் பார்ப்பவன் காணாமல் போய்விடுகிறான், அந்த இடத்தில் நம்மை உட்காரவைத்துவிடுகிறார். எனக்கு ஸ்லோனின் நேர்மை அதிகம் பிடிக்கும்.

---

மழைக்காலம் | திங்கள், காலை 9.00

ராப்பாடி, இதைத்தான் கேட்டேன். நன்றி.

அப்படியானால் எனக்கு இப்போது ஒன்று தோன்றுகிறது. ‘இரவுச் சன்னல்கள்’ படத்தில் பார்ப்பவன் உண்டு, ‘கூரைகள்’ படத்திலும் உண்டு. ‘பெண்கள் பக்கம்’ படத்தில் யாரும் இல்லை. சன்னல் சட்டம்கூட இல்லை. நாம் அறைக்குள்ளேயே இருக்கிறோம், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல. அதாவது எதிர் வீட்டுச் சன்னலில் இருந்து பார்த்ததை, உள்ளே வந்து பார்த்ததுபோல மாற்றியிருக்கிறார். இது மரியாதையா, இன்னும் பெரிய அத்துமீறலா? என்னால் இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லை.

---

தாழ்வாரம் | திங்கள், மாலை 6.45

நீங்கள் சொன்ன பிறகுதான் கவனித்தேன், அந்தச் சன்னல் சட்டம் இல்லாததை. இத்தனை வருடம் பார்த்தும் விட்டுப்போயிருக்கிறது.

என் பதில் இது. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அவள் ஒரு காட்சி. அறைக்குள் நிற்கிறவன் அந்த வீட்டு ஆள். கலைந்த படுக்கை வீட்டு ஆளுக்கு அசிங்கமாகத் தெரியாது, அது நேற்று ராத்திரி படுத்த படுக்கை. துவைக்கும் தொட்டி அவன் சட்டைக்கும் சேர்த்துத்தான். ஸ்லோன் தன்னை அந்த இடத்தில் வைத்துக்கொண்டுதான் வரைந்திருக்கிறார் என்று நம்புகிறேன். அவருக்கும் டாலிக்கும் குழந்தை இல்லை. பத்துப் படங்களில் ‘பெண்கள் பக்கம்’, ‘கணவன், மனைவி, குழந்தை’ இரண்டிலும் குழந்தை இருக்கிறது, இரண்டிலும் குழந்தை சந்தோஷமாக இருக்கிறது. இதற்குமேல் அவர் மனதுக்குள் போய்ப் பேச எனக்கு உரிமையில்லை.

அனுமதி கேட்கவில்லை என்பது உண்மை. அந்தக் குறை இந்தப் படத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதைத் துடைத்துவிட நான் முயலவில்லை.

---

நீலவண்ணன் | செவ்வாய், காலை 8.15

புதிதாகச் சேர்ந்தவன், வணக்கம். எனக்கு இந்தக் காலகட்டத்து எட்சிங் என்றால் பிக்காசோவின் ‘எளிய உணவு’தான் தெரியும். அது 1904. மேசையில் கணவன் மனைவி போல இருவர், காலித் தட்டு, ரொட்டித்துண்டு, மது பாட்டில். அதோடு ஒப்பிட்டால் ஸ்லோன் படம் பத்திரிகைச் சித்திரம்போல் இல்லையா?

---

செம்புத்தகடு | செவ்வாய், காலை 11.40

வாங்க நீலவண்ணன் தம்பி. ‘எளிய உணவு’ எனக்கும் உயிர். பிக்காசோ வேறு ஒருவர் ஏற்கெனவே பயன்படுத்திய துத்தநாகத் தகட்டைத் தேய்த்து அதில் செய்தார், பழைய நிலக்காட்சியின் கோடுகள் இன்னும் பின்னால் தெரியும். அவருக்கு அது இரண்டாவது எட்சிங்தான். அந்தத் தைரியம் யாருக்கும் வராது.

ஆனால் அந்த இருவரையும் பாருங்கள். விரல்கள் நீண்டு, எலும்பு தெரிய, துயரத்தின் சிலைபோல உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் நாளைக்கு யார் பால் வாங்குவார்கள் என்று எனக்குத் தோன்றுவதே இல்லை. ஸ்லோனின் பெண்ணைப் பார்த்தால் அது தோன்றும். தாளை மடித்துவைத்துவிட்டு எழுந்திருப்பாள், துணியை அலசுவாள், குழந்தையிடமிருந்து பூனையைக் காப்பாற்றுவாள். பத்திரிகைச் சித்திரம் என்று நீங்கள் சொன்னதை நான் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டேன். அடுத்த நிமிடம் என்ன என்று தெரியும்படி வரைவது பத்திரிகைக்காரர்கள் கற்றுக்கொண்ட வித்தை. இதற்கு முன்பே பால் தெ காக் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நாவல்களுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட எட்சிங் செய்து கொடுத்திருந்தார் ஸ்லோன். கை அதில் பழகிய கை.

---

நீலவண்ணன் | செவ்வாய், பிற்பகல் 3.05

புரிகிறது. நன்றி. இன்னொரு கேள்வி. ஏலத் தளம் ஒன்றில் இந்தப் படத்தின் ‘அசல் பிரதி’ என்று ஒன்றைப் பார்த்தேன். அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

செம்புத்தகடு | செவ்வாய், இரவு 9.30

புகைப்படத்தை வைத்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. கையில் எடுத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெரியும். தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய பள்ளம் நாலு பக்கமும் இருக்கவேண்டும். கோடு மேடாக இருக்கவேண்டும், உருப்பெருக்கியில் பார்த்தால் புள்ளிபுள்ளியாக இருக்கக்கூடாது. புள்ளி இருந்தால் அது ஆஃப்செட் அச்சு.

ஸ்லோன் பென்சிலால் கையெழுத்திட்டு, தலைப்பையும் ‘100 பிரதிகள்’ என்பதையும் எழுதுவது வழக்கம். அதைப் பார்த்துவிட்டு நூறும் ஒரே நேரத்தில் அச்சானது என்று நினைக்காதீர்கள். நூறு என்பது திட்டம். விற்க விற்க அவ்வப்போது அச்சடித்தார்கள். சிலவற்றை அவரே, சிலவற்றை பீட்டர் பிளாட், எர்னஸ்ட் ராத் போன்ற அச்சாளர்கள். அதனால்தான் ஒரு பிரதியில் அறை புகைமூட்டமாகவும் இன்னொன்றில் பளிச்சென்றும் இருக்கும். நான் முதலில் சொன்னேனே, கடைசியில் உள்ளங்கையால் துடைப்பது, அந்த வித்தியாசம்தான். பெரிய தொகை என்றால் வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். படத்தைப் பார்ப்பதற்கு வாங்கவேண்டிய அவசியமே இல்லை, காப்புரிமை முடிந்த படம், அருங்காட்சியகத் தளங்களில் பெரிய அளவில் கிடைக்கும்.

---

மழைக்காலம் | புதன், இரவு 8.20

நேற்று இந்தப் படத்தை மடிக்கணினியில் பெரிதாக்கி என் அம்மாவிடம் காட்டினேன். யார் வரைந்தது, எந்த ஊர், எந்த வருடம், எதுவும் சொல்லவில்லை. “என்னம்மா தெரியுது?” என்று மட்டும் கேட்டேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். பூனையைப் பார்த்து “கையை விட்டா பிறாண்டிடும்” என்றார். அப்புறம் தொட்டியைத் தொட்டுக் காட்டினார். “துணிய ஊறவெச்சிருக்கா. அது ஊறுற வரைக்கும்தான் அவளுக்கு நேரம்” என்றார்.

அவ்வளவுதான். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

---

தாழ்வாரம் | புதன், இரவு 8.55

மழைக்காலம், அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்தத் தொட்டியை இத்தனை வருடமாகக் குப்பையோடு குப்பையாகத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது படத்தை மறுபடி திறந்து வைத்திருக்கிறேன்.